‘பேக் டு தி ஃபியூச்சர்’ காட்டுவது எப்படி: ஓர் அத்தையின் செய்முறை

முதல் விதி: காலம் தாண்டிப் போகும் இந்த மூன்று பாக ஆங்கிலப் படத்தை இரண்டாம் பாகத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

இதையெல்லாம் ஒரு விதி என்று எழுதுகிறாளே என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் நடந்தது. 1991, முழுப் பரீட்சை லீவு, திருச்சி உறையூர். அண்ணன் தெருமுனை வீடியோ லைப்ரரியிலிருந்து ஒரு ராத்திரிக்கு டெக்கும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்தான். பாட்டிக்கு ஒரு சாமி படம், அம்மாவுக்கு ஒரு சிவாஜி படம், எங்களுக்கு ஓர் இங்கிலீஷ் படம். அட்டையில் கார் ஒன்று இருந்தது, அது போதும் என்று எடுத்துவிட்டான். இது ரெண்டாவது பாகமாச்சே என்று கேட்டதற்கு, கடைக்காரர் எல்லாம் ஒரே கதைதான் தம்பி என்றாராம்.

ஒரே கதைதான், ஆனால் நடுவிலிருந்து. படம் தொடங்கிய நிமிடமே வெள்ளைத் தலைமுடி பறக்க ஒருவர் ஓடி வருகிறார், ஒரு பையனையும் பெண்ணையும் காரில் ஏற்றுகிறார், கார் பறக்கிறது. யார், எதற்கு, ஒன்றும் தெரியாது. பாட்டி தூங்கிவிட்டாள், அம்மா தூங்கிவிட்டாள், அண்ணனும் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டான். நான் முடியும்வரை பார்த்து, ரீவைண்ட் செய்து, விடியற்காலையில் இன்னொரு முறை பார்த்தேன். முதல் பாகம் கைக்குக் கிடைக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் முதல் பாகத்தை நானே மனதுக்குள் தயாரித்து வெளியிட்டிருந்தேன். என்னுடையதில் ஒரு பாட்டியும் உண்டு.

இப்போது எனக்கு 48. அந்த வெள்ளைத் தலைமுடிக்காரராக, காரையே காலம் தாண்டும் வண்டியாக்கிய விஞ்ஞானி டாக்டர் பிரவுனாக நடித்த கிறிஸ்டபர் லாயிடுக்கு முதல் படம் வந்தபோது வயது 46. அந்தக் ‘கிழவரை’விட நான் இரண்டு வயது மூத்தவள் என்று கண்டுபிடித்த அன்று எதுவும் ஓடவில்லை. அதற்கடுத்த வாரம்தான் அண்ணன் மகனுக்கு மூன்று படத்தையும் ஒழுங்காகக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். மருமகனுக்கு வயது 11. முதல் முயற்சி தோல்வி, இரண்டாவது தேறியது. தேறியதைத்தான் எழுதுகிறேன்.

முதல் முயற்சி ஏன் தோற்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாமே அதிலிருந்து வருவதுதான். படத்தில் 1985இல் இருக்கும் ஒரு பையன் 1955க்குப் போகிறான். எங்களுக்கு 1985 என்பது இன்று, 1955 என்பது அம்மா அப்பா காலம். மருமகனுக்கு இரண்டுமே பழங்காலம். ஆங்கிலப் படம், பழைய கார், வயரோடு கூடிய போன். பையன் காலம் கடந்து போய் நின்று திகைக்கும் இடத்தில், ஊரே மாறிவிட்டது என்று நாம் எழுந்து உட்காரும் இடத்தில், இவன் என்னைப் பார்த்து, “அத்தை, அவன் போயிட்டானா, இன்னும் போகலையா?” என்றான். ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டேன்.

ஆக, செய்ய வேண்டிய வேலை இதுதான்: படம் போடுவதற்கு முன்பே பிள்ளைக்கு 1985ஐ ‘இன்று’ ஆக்கிவிட வேண்டும். ஒரு மாலை போதும்.

வீட்டு ஆல்பத்தை எடுங்கள். பரண் மேல் இருந்தாலும் ஏறி எடுங்கள். எதுவும் விளக்காமல் புரட்டவிடுங்கள். இந்தப் படமே அப்படி ஓர் ஆல்பத்தில் பிறந்ததுதான். கதையை எழுதிய இருவரில் ஒருவரான பாப் கேல், 1980இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவின் உயர்நிலைப் பள்ளி ஆண்டு மலரைப் பார்த்தார். அப்பா அந்த வகுப்பின் மாணவர் தலைவராக இருந்தவர். அதே பள்ளியில் அப்பாவோடு நானும் படித்திருந்தால் நண்பர்களாக இருந்திருப்போமா என்று யோசித்தார். அவரும் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிசும் சேர்ந்து எழுதிய கதைக்கு விதை அந்தக் கேள்வி. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அண்ணன் பெல்பாட்டம் போட்டு, காது மூடிய முடியோடு மலைக்கோட்டை வாசலில் நிற்கும் படம் ஒன்று உண்டு. மருமகன் அதை வெகுநேரம் பார்த்தான். “இவர்கூட நான் சேர மாட்டேன்” என்றான். பாதி வேலை முடிந்தது.

அடுத்து, சில பொருள்கள். கேசட் ஒன்று, முடிந்தால் அதைப் போட ஒரு வாக்மேன். எங்கள் வீட்டு வாக்மேன் ஓடாது, ஆனால் மூடியைத் திறந்து கேசட்டை உள்ளே வைக்கும் ‘டக்’ சத்தம் இன்னும் இருக்கிறது. அப்புறம் டெலிபோன் டைரக்டரி. ஊரில் போன் இருந்த எல்லோருடைய பெயரும் முகவரியும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதே இல்லை. படத்தில் பையன் 1955க்குப் போய்ச் சேர்ந்ததும் டாக்டரின் முகவரியை அப்படி ஒரு புத்தகத்திலிருந்துதான் கிழித்தெடுக்கிறான். அதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் நடுவில் நிறுத்தி விளக்க வேண்டி வரும். நிறுத்தினால் படம் செத்தது.

முன்கூட்டியே சொல்ல வேண்டிய நகைச்சுவைகளும் உண்டு. குறைவாகச் சொல்லுங்கள். பெப்சி ஃப்ரீ என்பது எண்பதுகளில் வந்த, காஃபின் இல்லாத பானம். 1955 கடைக்காரருக்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்கும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கால்வின் க்ளைன் என்பது ஜட்டியில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயர். இதை மட்டும் சொன்னால் போதும், மற்றதற்குத் தானே சிரிப்பார்கள். அவன் போட்டிருக்கும் கையில்லாத சிவப்பு மேல்சட்டையை ஊரே கப்பல்காரனின் மிதவைச் சட்டை என்று நினைக்கும். வீட்டில் இரண்டு டிவி இருக்கிறது என்று அவன் சொன்னதும் சாப்பாட்டு மேசையே வாயைப் பிளக்கும். சென்னைக்கே தூர்தர்ஷன் வந்தது 1975இல்தான் என்பதை ஒரு வரி சொல்லிவைத்தால் அந்த மேசையில் பிள்ளையும் உட்கார்ந்துவிடும்.

ஒரே ஒரு நகைச்சுவையை மட்டும் எவ்வளவு விளக்கினாலும் நம்மூரில் எடுபடாது. 1985இல் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் என்று பையன் சொன்னதும், 1955இல் இருக்கும் டாக்டர், அந்த நடிகரா என்று எகிறிக் குதிப்பார். அமெரிக்கத் தியேட்டர்களில் கூரை பிய்ந்திருக்கும். மருமகன் நிதானமாக, “அதுக்கென்ன?” என்றான். அதுக்கென்னதான். ரீகன் வெள்ளை மாளிகைக்குப் போனது 1981இல். எம்.ஜி.ஆர். கோட்டைக்குப் போனது 1977இல். எங்களுக்கு அது செய்தி, நகைச்சுவை இல்லை. விட்டுவிடுங்கள், அடுத்த காட்சிக்குப் போங்கள்.

தேதி அட்டவணை ஒன்று எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் பாகத்துக்குத் தேவை மூன்றே வரி: 1985 அக்டோபர் 26, 1955 நவம்பர் 5, 1955 நவம்பர் 12 இரவு 10.04. இந்த 10.04 மணிக்கூண்டில் மின்னல் விழும் நேரம். மற்ற பாகங்களின் தேதிகளை இப்போது எழுதாதீர்கள். எழுதினால் பையன் 1955இல் மாட்டிக்கொள்ள மாட்டான் என்பது வெளிப்பட்டுவிடும். நான் முதல்முறை எழுதிவைத்துத் திட்டு வாங்கினேன்.

மூன்றையும் ஒரே நாளில் போடலாமா? கூட்டினால் 342 நிமிடம், கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் மணி நேரம். நானும் அண்ணனும் பார்ப்போம். பிள்ளைக்கு வேண்டாம். முதல் பாகம் ஒரு சனிக்கிழமை, தனியாக. இரண்டும் மூன்றும் அடுத்த சனிக்கிழமை, சேர்த்து. காரணம் உண்டு. முதல் படம் 1985இல் தனிப் படமாகவே வந்தது, தொடர் எடுக்கும் எண்ணத்தில் எழுதியதல்ல. அடுத்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்து 1989 நவம்பரிலும் 1990 மேயிலும் வெளியிட்டார்கள். அவை இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதி.

வயது பத்துக்கு மேல் இருக்கட்டும். துப்பாக்கிச் சூடு வரும். ஒரு தடியன் பெண்ணிடம் காருக்குள் முறைகேடாக நடக்கும் காட்சியும் வரும், அந்த நேரம் பெரியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நல்லது. 1955இல் இளம்பெண்ணாக இருக்கும் பையனின் அம்மாவுக்கு அவன் தன் மகன் என்று தெரியாமல் அவன்மேல் ஆசை வருவது இன்னொரு சங்கடம். அந்தக் காலத்தில் இதைக் காரணம் காட்டியே டிஸ்னி இந்தக் கதையை வேண்டாம் என்று சொன்னது. மருமகனுக்கு அதில் சங்கடம் இல்லை, சிரிப்புதான். சங்கடப்பட்டது அண்ணன். அம்மாவாக நடித்த லீ தாம்ப்சன், மகனாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்சைவிட ஒன்பதே நாள் மூத்தவர். அப்பாவாக நடித்த கிறிஸ்பின் க்ளோவர் ‘மகனை’விட ஏறக்குறைய மூன்று வயது இளையவர். படம் முடிந்த பிறகு இதைச் சொல்லுங்கள், முன்பே வேண்டாம்.

சரி, படம். விளக்கை அணையுங்கள், எல்லோருடைய போனையும் ஒரு தூக்குவாளியில் போட்டு மூடுங்கள். ஆரம்பத்தில் கடிகாரங்கள் மட்டும் வரும், நிறைய கடிகாரங்கள். அந்த நேரம் பேசவே கூடாது. ஒரு கடிகாரத்தின் முள்ளில் சின்ன பொம்மை மனிதன் ஒருவன் தொங்குவான். கண்ணில் பட்டால் படட்டும், கையைக் காட்டாதீர்கள். படத்தின் கடைசியில் டாக்டரே மணிக்கூண்டின் முள்ளைப் பிடித்துத் தொங்கும்போது, கவனித்த பிள்ளை துள்ளி எழும். நான் அதைக் கவனிக்க எனக்கு ஆறு தடவை ஆனது. மருமகன் முதல் தடவையே பிடித்துவிட்டான், கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

வால்யூமை முதலில் குறைவாக வையுங்கள். டெலோரியன் கார் வெளியே வரும்வரை ஆலன் சில்வெஸ்ட்ரியின் வாத்திய இசை தலைகாட்டாது. கார் வந்ததும் கூட்டுங்கள். அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை: பெயின்ட் அடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு, எவர்சில்வர் என்று சொன்னால் நம் வீட்டில் உடனே புரியும். வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் பக்கம் தயாரானது. படம் வருவதற்கு முன்பே, 1982இல், கம்பெனி நொடித்துப்போனது. காலம் தாண்ட மணிக்கு 88 மைல் வேண்டும், நம் கணக்கில் ஏறக்குறைய 142 கிலோமீட்டர். அமெரிக்காவில் விற்ற டெலோரியனின் ஸ்பீடாமீட்டர் 85 மைலோடு முடிந்துவிடும், படத்துக்காக மாற்ற வேண்டியிருந்தது. சென்னை சாலையில் 142ஐத் தொட்டதே இல்லை என்று அண்ணன் சத்தியம் செய்கிறான். யாரும் கேட்கவில்லை.

காலத்தைத் தாண்டத் தேவையான மின்சாரம் 1.21 கிகாவாட். படத்தில் அதை ‘ஜிகாவாட்’ என்பார்கள், பிள்ளையும் அப்படியே சொல்லும், திருத்த வேண்டாம். நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவள், ஆகையால் இந்த இடத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. 1.21 கிகாவாட் என்றால் 1,210 மெகாவாட். கூடங்குளத்தில் ஓர் உலையின் திறன் 1,000 மெகாவாட். ஒரு முழு உலையைக் கொண்டுவந்து காரில் கட்டினாலும் பற்றாது. இதைச் சொன்ன பிறகுதான் டாக்டர் ஏன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடுகிறார் என்று மருமகனுக்குப் பிடிபட்டது.

இடைவேளை எங்கே விடுவது? இது முக்கியம், ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை கிடையாது, நாம்தான் வெட்ட வேண்டும். மணிக்கூண்டைக் காப்பாற்றச் சொல்லும் துண்டுச்சீட்டு பையனிடமிருந்து வெளியே வரும். மின்னல் எங்கே, எப்போது விழும் என்பது அதில் அச்சாகி இருக்கும். அவ்வளவு மின்சாரத்தை மின்னல்தான் தரும், டாக்டரின் கண் விரியும். அடுத்த சனிக்கிழமை இரவு உன்னை அனுப்பிவைக்கிறேன் என்று அவர் சொன்னதும் நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்து தமிழ்ப் படத்திலும் இதைவிட நல்ல இடைவேளை குறைவு. முறுக்கு, டீ, பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில் இனி என்ன நடக்கும் என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். மருமகன் சொன்ன கதையில் டாக்டர் 1985க்கு வந்து அண்ணனிடம் அசல் பாஸ்போர்ட் கேட்பார். ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இரண்டாம் பாதியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரல் நீட்டலாம், அதுவும் முடிந்தபின். ஆரம்பத்தில் அந்த ஷாப்பிங் மால் பலகையில் இரட்டைப் பைன் மரம் என்று பெயர் இருக்கும். 1955இல் பையன் காரை ஏற்றி ஒரு பைன் கன்றைச் சாய்த்துவிடுவான். திரும்பி வரும்போது பலகையில் ஒற்றைப் பைன். இதைக் காட்ட மட்டும் பின்னுக்கு ஓட்டலாம் என்று அனுமதி தருகிறேன்.

இப்போது அட்டை. நான் 1992இல் பார்த்த முதல் பாகக் கேசட்டில், கார் திரையை நோக்கிப் பறந்து வந்ததும் ‘டு பி கன்டினியூட்’ என்று எழுத்து வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ‘தொடரும்’ போடுவது மாதிரி. வருடக்கணக்காக நான் அதைச் சொல்ல, அண்ணன் அப்படி எதுவும் கிடையாது, நீ கனவு கண்டாய் என்பான். வட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன், இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விஷயம் இதுதான்: 1985இல் தியேட்டரில் அது கிடையாது. அடுத்த வருடம் கேசட் வெளியிடும்போது சேர்த்தார்கள். 2002இல் டிவிடி வந்தபோது எடுத்துவிட்டார்கள். கேசட்டில் பார்த்தவர்களுக்கு மட்டுமே உள்ள ஞாபகம் அது. ஆகவே ஒரு காலண்டர் அட்டையின் பின்புறத்தில் பெரிதாகத் ‘தொடரும்’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் பறந்து திரை இருண்டதும் டிவிக்கு முன்னால் பிடியுங்கள். மறக்காதீர்கள். இதற்காகவே நான் ஸ்டூல் போட்டு டிவி ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை. இரண்டாம் பாகத்தில் அவர்கள் போகும் எதிர்காலம் 2015 அக்டோபர் 21. அந்த நாள் நிஜமாக வந்தபோது நான் அரை நாள் லீவு போட்டு வீட்டில் தனியாகப் படம் பார்த்தேன். காரணம் என்று லீவு கடிதத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன், பொய் இல்லை. மருமகனுக்கு அப்போது ஒரு வயது. ‘எதிர்காலம்’ என்று திரையில் வருவது அவன் தவழ்ந்த வருடம். இதை மறைக்காதீர்கள், இங்கேதான் ஆட்டமே. ஒரு நோட்டில் நடுக்கோடு போட்டு, பலித்தது ஒரு பக்கம், பலிக்காதது ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சுவரளவு தட்டை டிவி, முகம் பார்த்துப் பேசும் போன், கட்டைவிரல் வைத்துப் பணம் கட்டுவது, இதெல்லாம் இடப்பக்கம். பறக்கும் கார், மிதக்கும் பலகை, வீட்டில் அறைக்கு அறை ஃபேக்ஸ் மெஷின், வலப்பக்கம். ஃபேக்ஸ் என்றால் என்ன என்று கேட்டான். அதற்குத் தனியாக ஒரு டீ தேவைப்பட்டது.

2015 வீட்டில் அப்பா கதாபாத்திரம் தலைகீழாகத் தொங்கியபடி வருவார். முதல் பாகத்தில் அப்பாவாக நடித்த க்ளோவர் இதில் இல்லை, வேறொருவருக்கு ஒப்பனை போட்டு நடிக்கவைத்தார்கள். தலைகீழாக இருந்தால் முகம் சட்டென்று பிடிபடாது. காதலியாக வரும் பெண்ணும் வேறு நடிகை. அதனால்தான் முதல் படத்தின் கடைசிக் காட்சியைத் திரும்பவும் எடுத்தார்கள். உறையூரில் எனக்குத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் போன அந்த முதல் நிமிடம் அதுதான்.

இதில் நடுவில் குழப்பம் வரும், எல்லோருக்கும் வரும். டாக்டர் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கும்போது நிறுத்தி, உங்கள் தேதி அட்டவணையில் அதே கோட்டைப் பிள்ளையைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் படம் தானாக ஓடும். கடைசியில் மழையில் ஒருவர் வந்து, எழுபது வருடமாகப் பத்திரப்படுத்திய ஒரு கடிதத்தைக் கொடுப்பார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும், இந்த முறையும் கலங்கியது. முடிவில் ‘டு பி கன்க்ளூடட்’ என்று வரும். நம் பத்திரிகைப் பாஷையில் ‘அடுத்த இதழில் முடியும்’. அட்டையின் மறுபக்கத்தில் அதை எழுதி வைத்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு மூன்றாம் பாகம். குதிரை, ரயில், 1885. இதற்குத் தயாரிப்பு ஒன்றும் வேண்டாம். சின்ன வயதில் எனக்கு இது பிடிக்காது, டாக்டருக்கு எதற்குக் காதல் என்று கோபம். இப்போது மூன்றில் இதுதான் நிதானமாகப் பார்க்க முடிகிறது. பெரியவர்கள் யாராவது தூங்கிப் போனால் எழுப்ப வேண்டாம், ரயில் காட்சிக்கு மட்டும் எழுப்புங்கள்.

முடிந்ததும் பிள்ளை கேட்கும், அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறார் என்று. நேராகச் சொல்லிவிடுங்கள். மைக்கேல் ஜே. ஃபாக்சுக்கு 29 வயதில், 1991இல், பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 1998இல் வெளியில் சொன்னார். 2000இல் அதன் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1991 என்றால், நான் உறையூரில் ரீவைண்ட் செய்து பார்த்த அதே வருடம். மருமகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அட்டை எங்கே என்றான்.

மூன்றாம் பாகத்துக்கு அட்டை தேவையே இல்லை, படத்திலேயே ‘தி எண்ட்’ போடுவார்கள். நமக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து, ஸ்கெட்ச் பேனாவில் அவனே எழுதினான். ‘முற்றும்’ என்பதில் ‘ற்’ மேல் புள்ளி வைக்க மறந்துவிட்டான். அப்படியே டிவிக்கு முன்னால் பிடித்தோம். அண்ணன் எழுந்து படித்துவிட்டு, “முறறும்னா என்னடா?” என்றான்.